தறி நின்ற மதியத்தில் ஒரு கச்சேரி

எங்கள் தெருவில் ஒரு பாட்டை ஒழுங்காகக் கேட்க வேண்டுமென்றால் முதலில் கரண்ட் போக வேண்டும். சேலத்தில் குகை என்ற எங்கள் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் ஒரு கூடத்தில் விசைத்தறி ஓட ஆரம்பித்தால் அடுத்தடுத்த கூடங்களிலும் ஆரம்பித்துவிடும். உள்ளே சத்தம் 90 டெசிபலுக்கு மேல் இருக்கும். வீட்டுக்காரரும் நானும் 22 வருடமாக அந்தச் சத்தத்துக்குள்தான் வேலை செய்கிறோம். பகலில் நாங்கள் வாயால் பேசுவதைவிடக் கையால் பேசுவதுதான் அதிகம். நூல் அறுந்தது, தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தது, டீ வந்திருக்கிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எங்களுக்குள் ஒரு சைகை உண்டு.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும். அன்றைக்குத்தான் தெருவில் காக்கை கத்துவது கேட்கும், எதிர்வீட்டில் கடுகு தாளிப்பது கேட்கும். அந்த நாளைத்தான் எங்கள் பஜனை மடத்துக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில், மைக் இல்லாமல், உள்ளூர்க்காரர்களே பாடும் ஒரு மணி நேரக் கச்சேரி. டிக்கெட் கிடையாது. மூன்று மாதமாக நடக்கிறது. முதல் மாதம் எனக்குத் தகவலே தெரியாது. இரண்டாவது மாதம் பாதியில் போய் வாசல்படியில் நின்று கேட்டேன். மூன்றாவது, போன வாரம் நடந்தது. ஆரம்பத்திலிருந்து முடியும் வரை உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எழுதுவதற்கு முன்னால் என் காதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் நான் எழுதுவதை நீங்கள் எடைபோட முடியாது. என் இடது காது இரண்டு வருடத்துக்கு முன்பே மந்தமாகிவிட்டது. சத்தத்தால் வரும் காது மந்தம் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் ஆரம்பிக்கும் என்று காது மருத்துவர் படம் போட்டுக் காட்டினார். மேல் சத்தங்கள்தான் முதலில் போகும். குருவிச் சத்தம், பிரஷர் குக்கரின் மெல்லிய சீறல், 'ச' என்றும் 'த' என்றும் பிரித்துச் சொல்லும் அந்த நுனி ஓசை. (தறி ஓட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வெறும் பஞ்சை உருட்டி வைப்பது போதாது. அமுக்கி உள்ளே வைக்கும் ஃபோம் அடைப்பான் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். நான் காலம் கடந்துதான் வாங்கினேன்.)

போன வருடம் ஊரில் ஒரு பெரிய மண்டபத்தில் சாயங்காலக் கச்சேரிக்கு ஆசையாகப் போனேன். நல்ல பாடகிதான். ஆனால் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். அவர் ராகத்தை மெதுவாக இழுத்தாலும் அது எங்கள் தறிக்கூடத்துச் சத்தம் மாதிரியே வந்து மோதியது. மிருதங்கம் நெஞ்சில் இடித்தது. முக்கால் மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, இனிமேல் எனக்குப் பாட்டு அவ்வளவுதானோ என்று அழுகை வந்தது. என் தாத்தா மார்கழி முழுக்க விடியற்காலையில் இதே பஜனை மடத்துக் கோஷ்டியோடு ஜால்ரா தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர். ஏழு வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் நான் திருப்புகழ் கற்றுக்கொண்டேன். எனக்குப் பாட்டு இல்லாமல் முடியாது.

சரி, மடம். பழைய பேருந்து நிலையத்திலிருந்து குகைக்கு வரும் எந்த டவுன் பஸ்ஸில் ஏறினாலும் வந்துவிடலாம். தெருவுக்குள் நுழைந்து யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். நீள வாக்கில் ஒரே கூடம். இரண்டு வரிசையாக மரத்தூண்கள், பக்கத்துக்கு நான்கு. சிவப்பு காவித் தரை. மேலே மரச்சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெத்தைக் கூரை. வெளியில் வெயில் கொளுத்தினாலும் உள்ளே தரையில் கால் வைத்தால் ஜில்லென்று இருக்கும். காலியாக இருக்கும்போது கையைத் தட்டினால் சத்தம் திரும்பி வரும். எழுபது பேர் உட்கார்ந்துவிட்டால் அந்த எதிரொலி அடங்கி, குரலுக்கு ஒரு மெருகு மட்டும் மிஞ்சுகிறது. ஸ்பீக்கர் வைத்துக் கெடுக்காத கூடத்துக்கு இப்படி ஒரு குணம் இருக்கிறது என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

போய் உட்கார நினைப்பவர்களுக்கு ஒன்று. மூன்றாவது தூணுக்குப் பின்னால் உட்காராதீர்கள். அதற்குப் பின்னால் தெருச் சத்தமும் பாட்டும் கலந்துவிடுகிறது. நான் முதலில் கதவோரமாகத்தான் உட்கார்ந்தேன். "அக்கா, ஃபேன் ஓடாது, காத்து வரும்னு பின்னாடி உக்காந்தா பாட்டு வராதுங்க, முன்னாடி வாங்க" என்று ஒரு தம்பி பனையோலை விசிறி ஒன்றைக் கையில் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனான். நல்ல வேளை.

பன்னிரண்டேமுக்காலுக்கு ஆரம்பம் என்று சொல்லியிருந்தார்கள். ஆரம்பித்தது ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது. இடையில் பத்து நிமிடம் பொன்னாடை. மடத்துப் பொறுப்பாளர்கள், வார்டு பெரியவர்கள், தண்ணீர் கேன் கொடுத்தவர், பந்தல்காரர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு, ஒரு கைதட்டல். மரியாதை செய்ய வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் மொத்தமே ஒரு மணி நேரம். சாப்பாட்டு இடைவேளையில் கொலுசுப் பட்டறையிலிருந்து எழுந்து வந்தவர்கள் இரண்டு மணிக்குத் திரும்பவும் போய் உட்கார வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு பாட்டு கேட்டிருக்கலாம். பொன்னாடையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன்.

வரவேற்புரை கொடுத்த ரிட்டயர்டு வாத்தியார் மட்டும் சுருக்கமாக, மனதில் நிற்கிற மாதிரி ஒரு விஷயம் சொன்னார். 1939இல் போர் வந்தபோது லண்டனில் ராத்திரியில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள், கச்சேரி அரங்குகளை மூடிவிட்டார்கள். நேஷனல் கேலரியில் இருந்த ஓவியங்களைப் பத்திரமாக வெளியூருக்கு அனுப்பிவிட்டதால் அந்தக் கட்டடம் வெறுமையாகக் கிடந்தது. மைரா ஹெஸ் என்ற பியானோக் கலைஞர் அங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் கச்சேரி ஆரம்பித்தார். ஒரு ஷில்லிங் கட்டணம். வாரநாட்களில் தினமும். ஆறரை வருடத்தில் 1,698 கச்சேரிகள். "அங்க ராத்திரி விளக்கு இல்லாததால மதியம் பாடினாங்க. இங்க மதியம் கரண்ட் இல்லாததால பாடறோம்" என்று முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த வாத்தியாரை ரொம்பப் பிடித்துப்போனது.

முதலில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டு திருப்புகழ். இங்கே டவுனில் இருக்கும் சுகவனேசுவரர் கோயில் முருகன்மேல் அருணகிரிநாதர் பாடியிருக்கிறார், அதனால் சேலத்துக்காரர்கள் திருப்புகழை எங்கள் வீட்டுச் சொத்து மாதிரிதான் நினைப்போம். அந்தக் குழந்தைகள் சுருதியில் பிசகவே இல்லை. எலெக்ட்ரானிக் பெட்டி இல்லை, கையால் துருத்தி இழுக்கும் பழைய சுருதிப்பெட்டிதான், சுருதியை ஆறு கட்டை உயரத்தில் வைத்திருந்தார்கள். ஆனால் திருப்புகழில் சந்தம்தான் உயிர். வல்லினம் வல்லினமாக விழ வேண்டும். இரண்டு பேரும் 'த்த', 'ட்ட' எல்லாவற்றையும் மெத்தையில் வைக்கிற மாதிரி மெதுவாக வைத்தார்கள். மைக்குக்கு முன்னால் பாடிப் பழகிய வாய் அது. மைக் நம் வேலையில் பாதியைச் செய்துவிடும். அது இல்லாதபோது உதடும் நாக்கும்தான் கடைசி வரிசைவரை சொல்லைக் கொண்டுபோக வேண்டும். என் காதுக்கு அது இன்னும் முக்கியம். பாட்டு வாத்தியார் இதைக் கவனித்தால் அடுத்த வருடத்துக்குள் இந்தப் பிள்ளைகள் எங்கேயோ போய்விடுவார்கள்.

அவர்களுக்கு மிருதங்கம் வாசித்த இளைஞர் ஒரு மெக்கானிக் பட்டறையில் வேலை செய்கிறவர். உட்கார்ந்ததும் தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது முகத்தில், ரவையைப் பிசைந்து ஒட்டினார். கல்லும் கட்டையும் வைத்துத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தார். வெயிலில் தோல் இறுகிச் சுருதி ஏறிக்கொண்டே போகும், பாவம், ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் மறுபடி தட்ட வேண்டியிருந்தது. நன்றாக வாசிக்கிறார், ஆனால் குழந்தைகளுக்கு அந்தக் கை கனம். மைக் இல்லாத இடத்தில் மிருதங்கம்தான் பெரிய ஆள். அதுதான் குனிந்து கொடுக்க வேண்டும். இரண்டாவது பாட்டில் அவரே புரிந்துகொண்டு விரல் நுனிக்கு வந்துவிட்டார்.

கஞ்சிராவை, கையில் பிடித்துத் தட்டும் அந்தச் சின்னத் தோல் வாத்தியத்தை, இங்கே சொல்லாமல் விட முடியாது. வாசித்தவர் மடத்துப் பூசாரியின் மகன். கடந்த சில வருடமாகக் கஞ்சிராவை நான் கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோலின் ஓசை கேட்கும், ஓரத்தில் இருக்கும் சில்லுகள் ஆடுவது தெரியும், ஆனால் அந்தச் சலசலப்பு வராது. அன்றைக்கு வலது காதைத் திருப்பி உட்கார்ந்திருந்தேன். தறி ஓடவில்லை, ஸ்பீக்கர் இல்லை, ஃபேன்கூட இல்லை. திடீரென்று அந்தச் சலசலப்பு கேட்டது. தாத்தாவின் ஜால்ராவைக் கேட்டது மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு கண்ணு?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

அடுத்து எட்டுப் பெண்கள், கும்மிப் பாட்டு. ஆடி மாதத்தில் மாரியம்மன் திருவிழாவின் வண்டி வேடிக்கை சமயத்தில் இவர்கள் பாட்டைத் தெருவில் கேட்டிருக்கிறேன், ஆனால் அப்போது நாலாபுறமும் குழாய் ஒலிபெருக்கி இருக்கும், ஒரு வார்த்தைகூடப் புரியாது. இங்கே ஒவ்வொரு அடியும் புரிந்தது. மாரியம்மனுக்கு வேப்பிலை வீசித் தூங்கவைக்கும் தாலாட்டு ஒன்று, நாற்று நடும் பாட்டு ஒன்று. எட்டு ஜோடிக் கை ஒரே நொடியில் தட்டுவது அந்தக் கூடத்தில் எப்படி விழும் என்று சொல்லில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. காவித் தரை அதிர்ந்தது. மைக் இல்லாக் கச்சேரிக்கு என்றே பிறந்தது இந்தப் பாட்டுத்தான். இவர்களுக்குப் பத்து நிமிடம் போதவே போதாது.

ஒரு குறை, இதைக் கோபமில்லாமல் சொல்கிறேன். வாசலில் தட்டுவடை செட் கடை போட்டிருந்தார்கள். தட்டுவடை செட் தெரியாதவர்களுக்கு, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி வைத்து மூடித் தருவது. சேலத்தில் இது இல்லாமல் எந்தக் கூட்டமும் கூடாது. இங்கே பத்து ரூபாய்க்கு நன்றாகவே போட்டார்கள், சிவப்புச் சட்னியில் பூண்டு தூக்கலாக இருந்தது. ஆனால் அதை உள்ளே கொண்டுவர விட்டிருக்கக் கூடாது. மைக் வைத்த கச்சேரியில் தட்டுவடை கடிக்கும் சத்தம் யாருக்கும் கேட்காது. இங்கே ஒருவர் கடித்தால் எழுபது பேருக்குக் கேட்கும். பாட்டு முடிந்த பிறகு விற்றால் அவர்களுக்கும் வியாபாரம் கூடும். சாப்பாடு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் தயிர்சாதம், எலுமிச்சை சாதம் மாதிரி சத்தமில்லாத சாப்பாடாக எடுத்து வந்தால் நல்லது. நான் புளிசாதம் கொண்டுபோனேன். டப்பா மூடியைத் திறப்பதைக்கூடக் கும்மிப் பாட்டின் கைதட்டலுக்குள் முடித்துக்கொண்டேன்.

நடுவில் கொய்யாப்பழ வண்டி ஒன்று பேட்டரி ஸ்பீக்கரில் கூவிக்கொண்டே தெருவில் வந்தது. அந்த விசிறி கொடுத்த தம்பி ஓடிப்போய் ஏதோ சொன்னான். வண்டிக்காரர் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, வண்டியை நிழலில் விட்டுவிட்டு, அவரும் உள்ளே வந்து தூணில் சாய்ந்து நின்று அடுத்த பாட்டைக் கேட்டார்.

அந்தப் பாட்டு ஓர் ஆட்டோ ஓட்டுநர் பாடியது. பழைய சினிமாப் பாட்டுதான். எங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவை டி.ஆர். சுந்தரம் 1930களில் ஆரம்பித்தார். ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் இன்றைக்கும் நிற்கிறது. தமிழின் முதல் முழு நீள வண்ணப்படம் 1956இல் அங்கிருந்துதான் வந்தது. அந்த வளைவைத் தாண்டித் தினமும் சவாரி ஓட்டும் மனிதர், அந்தக் காலத்துப் பாட்டை அந்தக் காலத்துச் சுருதியிலேயே எடுத்தார். மைக் வருவதற்கு முன்னால் நாடக மேடைக்காரர்கள் ஏன் அவ்வளவு உச்சத்தில் பாடினார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உடம்பால் புரிந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா மாதிரியானவர்களுக்குக் கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவர் காதுவரை குரல் போயாக வேண்டும். மேலே போனால்தான் குரல் தூரம் போகும். மைக் வந்த பிறகுதான் பாடகர்கள் சுருதியைக் கீழே இறக்கி நிதானமாகப் பாட முடிந்தது. ஆட்டோக்கார அண்ணனுக்குச் சரணத்தில் மூச்சு கொஞ்சம் உடைந்தது. அதனால் ஒன்றும் குறையவில்லை. சொல் ஒவ்வொன்றும் தெருவரை போனது.

அதற்கு நேர் எதிராக அடுத்தவர். ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்து, மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு வந்திருந்தார். நீலாம்பரியில் ஒரு தாலாட்டு. தேவாரத்தில் மேகராகக் குறிஞ்சி என்று சொல்லும் பண்ணை இன்றைக்கு ஓதுவார்கள் நீலாம்பரியில்தான் பாடுகிறார்கள், அவ்வளவு பழைய ராகம். அவர் குரலை உயர்த்தவே இல்லை. குழந்தை காதுக்குப் பாடுகிற அளவுதான். பின்னாலிருந்து "கேக்கலீங்க" என்று ஒருவர் சொன்னார். அந்த அம்மா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தத்தைக் கூட்டாமல், வேகத்தை மட்டும் இன்னும் குறைத்தார். பின்னால் இருந்தவர்கள் மெல்ல எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். கத்திப் பாடுவதைவிட மைக் இல்லாமல் மெல்லப் பாடுவதுதான் கடினம். மூச்சு கொஞ்சம் சிந்தினாலும் தெரிந்துவிடும். அவரிடம் ஒரு சொட்டும் சிந்தவில்லை. என் வலது காதில் விழுந்த அந்த நான்கு நிமிடத்துக்காக மட்டுமே நான் எந்த வேலையையும் போட்டுவிட்டுப் போவேன்.

ஆனால் அவர் இரண்டாவதாக எடுத்த கீர்த்தனையில், பாட்டுக்கு முன்னால் சொல் இல்லாமல் ராகத்தை விரிக்கும் ஆலாபனை மட்டும் ஒன்பது நிமிடம் போனது. இந்த நேரத்துக்கு அது பொருந்தாது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மணிக்கணக்காக ராகமும் பல்லவியுமாக நீண்ட கச்சேரியை, வர்ணத்தில் தொடங்கிச் சின்னச் சின்ன உருப்படிகளாக விறுவிறுப்பாகக் கொண்டுபோகும் வழிக்கு மாற்றி நிலைநிறுத்தினார். சாயங்காலம் முழுக்கக் கையில் இருக்கும்போதே அவருக்கு அது தேவைப்பட்டது. மதியம் ஒரு மணி நேரத்துக்கு அது இன்னும் எவ்வளவு தேவை! இரண்டு நிமிட ஆலாபனையிலேயே அந்த அம்மாவால் ராகத்தின் முகத்தைக் காட்டிவிட முடியும். காட்டியும்விட்டார். மிச்சம் ஏழு நிமிடம் ஒரு தேவாரம் பாடியிருந்தால் கொலுசுப் பட்டறைத் தம்பிகள் நால்வர் நடுவில் எழுந்து போயிருக்க மாட்டார்கள்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். வாசலில் ஓர் உண்டியல். பத்து, இருபது என்று போடுகிறார்கள். பாடுகிறவர்களுக்கு ஒரு துண்டும் பழமும் தருகிறார்கள். தறிக்காரர்களுக்கு அன்றைக்கு எப்படியும் வேலை கிடையாது, அதனால் நஷ்டமில்லை. ஆனால் மிருதங்கத் தம்பி பட்டறையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார், ஆட்டோக்கார அண்ணன் மதியச் சவாரியை விட்டிருக்கிறார். உண்டியலில் விழுவதை அன்றைக்கே எண்ணி அவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். மடத்துக்கு வெள்ளையடிக்க வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். உள்ளூர்க்காரர்தானே என்று சும்மா பாடவைத்தால் நாலாவது மாதம் யாரும் வர மாட்டார்கள், அது நடக்கக் கூடாது.

மற்றபடி, செருப்பு விட வாசலில் இடம் இருக்கிறது. வயதானவர்களுக்குப் பத்து பிளாஸ்டிக் நாற்காலி சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். கழிப்பறை பின்பக்கம், சுத்தமாக இருந்தது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வரலாம், அழுதால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வண்டி நிறுத்துவதுதான் சிரமம். சந்து குறுகல். பஸ்ஸிலோ நடந்தோ வாருங்கள்.

கடைசியாகப் பாடியவர் எழுபது வயதைத் தாண்டிய நெசவாளி. எங்கள் பக்கத்தில் இன்னும் குழித்தறியில் உட்கார்ந்து வெண்பட்டு வேட்டி நெய்கிற மிகச் சிலரில் ஒருவர். தாத்தா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கைத்தறியில் பாடிக்கொண்டே நெய்யலாம். மிதிப்பது, நூலோடு நாடா குறுக்கே ஓடுவது, அடிப்பது என்று அந்த மூன்றுக்கும் ஒரு தாளம் உண்டு, குரல் அதன்மேல் ஏறிப் போகும். விசைத்தறி வந்ததும் நெசவுக்காரன் வாயிலிருந்து பாட்டு போய்விட்டது. என் அப்பா பாடி நான் கேட்டிருக்கிறேன், என் வீட்டுக்காரர் தறியில் பாடி நான் கேட்டதே இல்லை. யாராலும் முடியாது.

தாத்தா சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கட்டைக்குச் சுருதியை இறக்கச் சொன்னார். மிருதங்கம் வேண்டாம் என்று கை காட்டிவிட்டார். மத்தியமாவதி ராகத்தில், தாளமில்லாமல் பாடும் ஒரு விருத்தம் எடுத்தார். கச்சேரியில் நடந்த குறைகளையெல்லாம் அது பொறுத்துக்கொள்ளும் என்று சொல்லி அந்த ராகத்தைக் கடைசியில் வைப்பது நம் வழக்கம். வடக்கே சாரங் வகை ராகங்களை நண்பகலில் பாடுவார்கள், அதில் மத்மாத் சாரங் என்பதும் நம் மத்தியமாவதியும் ஒரே ஐந்து சுரங்கள்தான். உச்சிவெயில் வாசலில் வெள்ளையாக நிற்கும்போது அதைக் கேட்டால், எந்த ஊர்க்காரரும் இந்த ராகத்தை இந்த நேரத்துக்குத்தான் வைத்திருப்பார்கள் என்று தோன்றும். தாத்தாவுக்குப் பல் நான்கைந்துதான் மிச்சம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக நின்றது. அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது அடி போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்துவிட்டது. மணி 1.38. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வேலையை முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. மேலே ஃபேன்கள் கிறீச்சென்று சுற்ற ஆரம்பித்தன, டியூப்லைட் இமைத்து எரிந்தது. ஓரத்தில் தயாராக வைத்திருந்த மைக்கை ஒருவர் அவசரமாகத் தூக்கிவந்து தாத்தா முன்னால் வைத்தார். தாத்தா பாடிக்கொண்டே இடது கையால் அதை அப்பால் நகர்த்தினார். விசிறிக்காரத் தம்பி எழுந்து ஃபேனை அணைத்தான்.

எனக்கு மனம் பாட்டில் நிற்கவில்லை. மடத்தைச் சுற்றி மூன்று தறிக்கூடங்கள் இருக்கின்றன, நான்காவது எங்களுடையது. எல்லாமே மீட்டர் கணக்குக் கூலி. ஐந்து மணி நேரம் வேலை நின்ற நாளில் கரண்ட் வந்தால் யாரும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டார்கள், காத்திருக்கவும் முடியாது. எந்த நொடியும் 'சடக், சடக்' என்று ஆரம்பித்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், பக்கத்துக் கூடத்துக்காரர் ஸ்டார்ட்டர் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். தாத்தா விருத்தத்தை முடித்து, ஒரு சின்னப் பாட்டும் பாடி, கும்பிட்டபோது 1.49. பதினோரு நிமிடம். அப்புறம்தான் முதல் தறி ஓடியது.

நான் ஓட்டமாக வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் கச்சேரிக்கு வந்திருக்கவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்துவிட்டதால் புதுப் பாவு பிணைக்கும் வேலை இருந்தது. தறி நிற்கும் நாளில்தான் அதை உட்கார்ந்து நிதானமாகச் செய்ய முடியும். ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொன்றாக எடுத்து முறுக்க வேண்டும். அவர் இன்னும் தறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார், எங்கள் கூடத்திலும் சுவிட்ச் போடவில்லை. கடைசியாகத் தாத்தா என்ன பாடினார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "கேட்டுச்சு" என்றார். நான்கு வீடு தள்ளி, ஒரு சந்து குறுக்கே, ஜன்னல் வழியாக முழுதும் கேட்டிருக்கிறது. "கடைசி வரிய இன்னொரு தடவ பாடியிருக்கலாம்" என்றார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த மாதத்துக்குள் பாவு தீராது, நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தறியை ஓட்டினார்.